பிரியாவின் விண்டோவுக்கு ஒரு பூட்டு

அந்தப் பூட்டை வடிவமைத்தவன் நான்தான். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது. பெயர் சிவநேசன், வயது நாற்பத்து நாலு, வீடு கிள்ளான், வேலை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மென்பொருள் கம்பெனியில். அந்த வேலை சோற்றுக்கு. மனசுக்கு வேறொன்று வைத்திருந்தேன். உலகம் முழுக்கப் பல பேர் கூலி வாங்காமல் சேர்ந்து எழுதுகிற ஓர் எடிட்டர். எதையாவது டைப் அடித்துத் திருத்த உதவும் சாதாரண மென்பொருள்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்து மாற்றலாம். பதினொரு வருஷம் அதற்கு உழைத்தேன். அந்தக் குழுவில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கோபக்காரன் என்ற பெயரும் சேர்த்துத்தான்.

கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன், நீளமாக மெயில் எழுதுவேன். "கத்தித் தொலைச்சாலும் பரவால்ல, அந்த கீபோர்டைப் போட்டு இந்த அடி அடிக்காதீங்க" என்பாள் என் மனைவி வாணி. அவள் சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

விஷ்ணுப்ரியாவைச் சந்தித்தது பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லித் தருவோம். பிரியா கற்றுக்கொள்ள வரவில்லை. "எனக்கு எல்லாம் தெரியும்ணே. ஆனா ஒரே ஒரு எடத்துல மாட்டிக்கிறேன். அத சரி பண்ண ஆள் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்தாள். முப்பத்தாறு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு பாங்கில் டெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்தாள். பாங்க் அந்த வேலையை மெஷினிடம் கொடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பியது. மூன்று வருஷம் அலைந்த பிறகு இந்த வேலை கிடைத்தது. கிளினிக் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கடிதமாக அடித்துத் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். அந்தக் கம்பெனியிலேயே வேகமானவள் பிரியாதான்.

வேகம் இருந்து என்ன, இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். ஒருவருக்கான வரிகள் இன்னொரு ஃபைலில் போய் உட்கார்ந்துவிட்டன, இரண்டு முறை. மூன்றாவது முறை நடந்தால் ஆளை எடுத்துவிடுவோம் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள்.

"வேலை போனா ஃபிளாட்டைக் காலி பண்ணிட்டு டெங்கில்ல அண்ணன் வீட்டுக்குப் போகணும்ணே" என்றாள். "அண்ணன் நல்லவருதான். அண்ணியும் நல்லவங்கதான். ஆனா நான் எழுந்தாலே, 'நீ உக்காருமா, நீ உக்காருமா'. ஒரு கிளாஸ் கழுவ விட மாட்டாங்க. மூணு வருசம் இருந்து பாத்துட்டேன். இன்னொரு தடவ போனா நானும் அந்த வீட்டு நாற்காலில ஒண்ணு ஆயிருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எச்சரிக்கைக் கடிதத்தை எட்டாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள்.

அவள் மாட்டிக்கொள்ளும் இடம் எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அது எங்கள் எடிட்டரின் குற்றம். பிரியா திரையை இரண்டு விண்டோவாகப் பிரித்து வைத்துக்கொள்வாள். ஒன்றில் மருந்துப் பெயர்களின் பட்டியல், இன்னொன்றில் அடித்துக்கொண்டிருக்கும் கடிதம். பட்டியலில் ஒரு பெயரைத் தேடினால், எடிட்டர் சில நேரம் தன் இஷ்டத்துக்குக் கடிதம் இருக்கும் விண்டோவில் வேறு ஃபைலைத் திறந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை உருவிவிட்டு வேறு இலையை வைப்பது மாதிரி. கண் இருப்பவன் பார்த்துத் திருத்திக்கொள்வான். பிரியாவுக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் கீபோர்டுக்குக் கீழே வைக்கும் ஒரு பிரெய்ல் பட்டை இருந்தது. கர்சர் நிற்கிற அந்த ஒரு வரி மட்டும் பட்டையில் புள்ளிகளாக எழும்பும்; விரலால் தடவிப் படித்துக்கொள்வாள். திரையில் வேறு எங்கே என்ன நடந்தாலும் பட்டைக்கு வராது.

"ஒரு பூட்டு போட்டுரலாம்மா" என்றேன். "கடிதம் இருக்கற விண்டோவ நீ பூட்டிட்டா, தெறந்து விடறவரைக்கும் வேற ஃபைல் உள்ள வர முடியாது. யாரு தட்டினாலும் மாட்டேன்னு சொல்லிரும்."

"அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றாள்.

நிரல் எழுத ஒரு வாரம் ஆனது. குழுவைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆனது. ஐயோ, அந்த மூன்று மாதம்! எங்கள் குழுவில் ஒரு புது வசதி வேண்டுமென்றால் பொதுவில் எழுதிக் கேட்க வேண்டும், எல்லாரும் கருத்துச் சொல்வார்கள், கடைசி ஆட்சேபம் தீர்கிறவரை எதுவும் உள்ளே போகாது. பூட்டு என்பதா, ஊன்றுதல் என்பதா, நிலைப்படுத்தல் என்பதா என்று பெயருக்கு மட்டும் அறுபத்து மூன்று மெயில். ஒருவர், விண்டோவையா பூட்டுகிறோம் ஃபைலையா பூட்டுகிறோம் என்று ஏழு பக்கம் எழுதினார். இங்கே ஒருத்தி மூன்றாவது கடிதம் எப்போது வரும் என்று வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்கிறாள், அங்கே இவர்கள் பெயர்சூட்டு விழா நடத்துகிறார்கள். நான் எழுதினேன் பாருங்கள் பதில், ஒவ்வொன்றும் ஓர் அடி நீளம். எனக்குப் பார்வையற்ற ஒரு பயனர் இருக்கிறார், அவர் பிழைப்பே இதில் இருக்கிறது என்று எழுதினேன். அதற்குப் பிறகு வாயடைத்துப் போனார்கள். அந்த வரியை எத்தனை மெயிலில் எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை.

கடைசியில் ஒரே ஓர் ஆட்சேபம் மிஞ்சியது. நோர்வேக்காரர் ஒருவர். பழைய ஆள், அதிகம் பேசாதவர். பூட்டு மறுக்கும்போது திரையின் அடியில் சிவப்பில் ஒரு வரி வருகிறதே, அதோடு ஒரு சின்ன ஒலியும் எழுப்பினால் என்ன என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் கழித்து இப்போது ஒலியா? ஒலி வைத்தால் அதன் அளவு, அதை நிறுத்தும் வழி, அதற்கு ஒரு பெயர், இன்னோர் அறுபத்து மூன்று மெயில். உட்கார்ந்து எழுதினேன். என் பயனர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டாக்டர் பேசுவதைக் கேட்டு அடிக்கிறார். கணினி பேசும் குரலைக்கூட அந்த நேரம் நிறுத்திவிடுகிறார். அதற்கு நடுவில் பீப் பீப் என்று அடித்தால் அவர் வேலைதான் கெடும். அவருக்கு என்ன வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குத் தெரியும், நோர்வேயில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. அப்படியே எழுதினேன், ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு வரி போட்டார். சரி, உங்கள் பயனரை நீங்கள்தான் அறிவீர்கள், என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன். நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். ஜெயித்துவிட்டேனாம்.

பிரியாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு போன். அரை நிமிஷம். "பிரியா, பூட்டு மாட்டேன்னு சொல்றப்போ சத்தம் வேணுமா?" இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவே இல்லை.

குழு ஒத்துக்கொண்டாலும் புதிய பதிப்பு வெளியாக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதுவரை பிரியா எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பூட்டோடு கூடிய எடிட்டரை நானே தயாரித்து, அந்தச் சனிக்கிழமை அவள் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சோதித்தோம். பூட்டினாள். வேறு ஃபைலைத் திறக்கச் சொன்னாள். "விண்டோ பூட்டப்பட்டுள்ளது" என்று கணினி குரல் கொடுத்தது. பத்துத் தடவை முயன்றாள், பத்துத் தடவையும் குரல் கொடுத்தது.

"ஆளு நல்ல ஸ்ட்ரிக்ட்லா!" என்று கைதட்டினாள். கீழே இறங்கி எனக்கு வடையும் தே தாரிக் டீயும் வாங்கிக் கொடுத்தாள், நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. "நாலு மாசமா ஒவ்வொரு கடிதத்தையும் மூணு தடவ தடவிப் பாத்துட்டுத்தான் அனுப்புறேன்ணே. இனிமே ஒரு தடவ போதும்" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கு அவள் காதில் ஹெட்போன் இல்லை, கணினியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. இவள் வேலை செய்யும்போது குரலை நிறுத்திவிடுவாள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன் நான்தானே!

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வேலை நடுவே பிரியா போன் செய்தாள். குரல் தட்டையாக இருந்தது.

"அண்ணே, மூணாவது வந்துருச்சி."

முந்தைய நாள் நடந்ததை அவளே சொன்னாள். கிளினிக் அவசரப்படுத்தியதால் மதியத்துக்குள் மூன்று கடிதம் முடிக்க வேண்டியிருந்தது. முதல் கடிதத்தை முடித்தாள். வழக்கமாகப் பூட்டைத் திறந்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போவாள். அந்த அவசரத்தில் திறக்க மறந்தாள். மறக்கிறவர்களுக்காகத்தானே பூட்டு? அடுத்த ஃபைலைத் திறக்கச் சொன்னாள், பூட்டு மறுத்தது, திரையின் அடியில் சிவப்பு வரியும் வந்தது. அவள் காதில் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். விரலுக்குக் கீழே பட்டையில் கர்சர் நிற்கும் வரி, காலி வரி. முதல் கடிதத்தின் கடைசியில் இருந்த காலி வரி. புது ஃபைலும் காலி வரியில்தான் தொடங்கும். வந்துவிட்டோம் என்று நினைத்து இரண்டாவது ஆளுக்கான கடிதத்தை அடித்தாள். அதற்குக் கீழே மூன்றாவது ஆளுக்கானதையும். ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்காமல் அனுப்பினாள். பூட்டு இருக்கிறது என்ற தைரியம்.

முட்டி வலிக்காக வந்த ஒரு பெண்மணி தன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் புற்றுநோய் என்று படித்துவிட்டு, கிளினிக்கிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அது வேறு யாருடையதோ என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனதாம்.

"பூட்டு வேலை செய்யலியாண்ணே?" என்று கேட்டாள் பிரியா.

"நான் வர்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். பூட்டு கனகச்சிதமாக வேலை செய்திருக்கிறது என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, முதலில் அவள் சூப்பர்வைசர் ஷபானாவை போனில் பிடித்தேன். நல்ல பெண், முதல் இரண்டு தடவையும் பிரியாவுக்காக மேலிடத்தில் வாதாடியவள். நடந்தது முழுவதையும் சொன்னேன். தப்பு என் மேல்தான், எழுதிக்கூடத் தருகிறேன் என்றேன்.

ஷபானா குரலைத் தாழ்த்தினாள். "பிரதர், அந்த எடிட்டர் நீங்க செஞ்சதா? இன்னும் வெளிய வராததா?"

"ஆமா."

"ஐயையோ, இத வெளிய சொல்லிறாதீங்க. பேஷன்ட் விவரத்த யாரோ வீட்ல செஞ்ச சாஃப்ட்வேர்ல போட்டு அடிச்சாங்கன்னு தெரிஞ்சா, வேலைய விட்டு எடுக்கறதோட நிக்காது. கேஸ் போட்டாலும் போட்ருவாங்க. இப்ப கவனக்குறைவுன்னு எழுதி முடிக்கிறாங்க. அப்படியே விட்டுருங்க, ப்ளீஸ்."

ஆக, என் குற்றத்தை ஒத்துக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை. ஒத்துக்கொண்டால் அடி அவளுக்குத்தான் விழும்.

சரி, குழுவிலாவது திருத்துவோம் என்று கோமுட்டர் ரயிலில் உட்கார்ந்தே அவசரமாக எழுதினேன். நான் சொன்னது தவறு, ஒலி வேண்டும், இந்தப் பதிப்பிலேயே வேண்டும். கே.எல். சென்ட்ரல் வந்து இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. பொறுப்பாளர் மரியாதையாகவே எழுதியிருந்தார். பதிப்பு முடிவாகிவிட்டது, புதன்கிழமை வெளியாகிறது, இனி எதையும் தொட முடியாது. ஒலி வேண்டாமென்று உங்கள் பயனரின் பெயரில் சொன்னது நீங்கள்தான். இப்போது அவருக்கு வேறு கருத்து இருந்தால், அவரே எங்களுக்கு எழுதட்டும். அடுத்த பதிப்பில் பார்க்கலாம், எட்டு மாதத்தில். அதில் கோபப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. எனக்குக் கோபப்படக்கூட ஆள் மிச்சமில்லை.

பிரியா ஃபிளாட்டுக் கதவைத் திறந்தபோது முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்திருந்தாள். "சாப்டாச்சாண்ணே?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மேசைக்குப் போய் உட்கார்ந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "கம்பெனிலேருந்து கடிதம் அனுப்பியிருக்காங்க. பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி. கம்ப்யூட்டர் படிக்க மாட்டேங்குது. படம், படம்னு சொல்லுது. படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். மலாய்க் கடிதம், அரைப் பக்கம். இன்றோடு பணி முடிவுக்கு வருகிறது, காரணம் திரும்பத் திரும்ப நடந்த கவனக்குறைவு, இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி.

"கவனக்குறைவுன்னுதான் போட்ருக்கா?"

"ஆமாம்மா."

"சரி." மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இப்ப சொல்லுங்க. பூட்டு என்ன பண்ணுச்சு?"

"வேற ஃபைல உள்ள விடல. மாட்டேன்னு சொல்லிருச்சு."

"எங்க சொல்லுச்சு?"

"கீழ. திரையோட அடில."

"எப்படி?"

"சிவப்பு எழுத்துல" என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். "சத்தம் வைக்கலாம்னு அத்தன பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் அந்த மெயில்களைத் தேடிப் படிக்க முடியும், ஆனால் தேட மாட்டாள். இருந்தாலும் அந்த ஒரு கேவலத்தையாவது செய்ய வேண்டாமென்று தோன்றியது.

"ஒருத்தர் கேட்டாரு. நோர்வேக்காரர்."

"அப்புறம்?"

"நான்தான் வேணாம்னு சொன்னேன். உனக்குத் தொந்தரவா இருக்கும்னு."

"எனக்கா?"

"ம்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லியேண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தான் எப்போதாவது மறதியில் சொல்லிவிட்டோமோ என்று யோசிப்பவளைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தப்புதான், பிரியா. என் தப்புதான். நான் ஒரு முட்டாள்." அழுதுவிட்டேன். வெட்கம் கெட்டு அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து மேசையில், என் கைக்கு எட்டும் இடத்தில் சரியாக வைத்தாள்.

"இந்தப் பூட்டு எல்லாருக்கும் போகப்போகுதா?"

"புதன்கிழமை."

"சத்தமில்லாமலா?"

"சத்தமில்லாம. எட்டு மாசம் கழிச்சு மாத்தலாமாம். நீயே அவங்களுக்கு எழுதினா…"

"எட்டு மாசம் கழிச்சு நான் எங்கண்ணே டைப் அடிக்கப் போறேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே வேலையை மறுபடியும் தொடங்கினேன். "நான் விடப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்ச கம்பெனிக்காரங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. நேர்ல போய் உன்னப் பத்தி எடுத்துச் சொல்றேன். உனக்காக அந்தக் குழுவுலயும் மறுபடி பேசறேன். பெரிய மெயிலா எழுதி…"

"வேணாண்ணே."

"நான் சொன்னா கேப்பாங்க பிரியா."

"கேப்பாங்க. அதான் பயமா இருக்கு" என்றாள். "நீங்க நல்லவருதான். இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே யார்கிட்டயும் எனக்காகப் பேசாதீங்க."

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி நான் போட்ட எடிட்டரை லேப்டாப்பிலிருந்து நீக்கினேன். லேப்டாப்பைத் திங்கட்கிழமை கம்பெனியில் ஒப்படைக்க வேண்டுமாம். பிரெய்ல் பட்டையும் கம்பெனியுடையதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதைத் துணியில் சுற்றி அவளே பெட்டியில் வைத்தாள்.

"போய்ட்டு வரேன்மா" என்றேன். "சரிண்ணே, பாத்துப் போங்க" என்றாள்.

வெளியே வந்து குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே அவள் போனில் பேசுவது நன்றாகவே கேட்டது. டெங்கில் அண்ணனோடு பேசினாள். ஞாயிற்றுக்கிழமை லோரி கிடைக்குமா என்று கேட்டாள். அவர் என்னென்ன சாமான் என்று கேட்டிருக்க வேண்டும்.

"கட்டிலு, துணிமணி, ரெண்டு பெட்டி" என்றாள் பிரியா. "மேசையா? மேசை வேணாண்ணே. அங்க எனக்கு எதுக்கு?"